குவார்ட்டர்பேக்கைத் துரத்தியவர் நீதிபதியான கதை: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் ஒரு பதிலை முடிக்கும்போது, அமெரிக்காவில் ஒரு ஆட்டக்காரர் மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாகவே உட்கார்ந்திருந்தார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். பெயரைச் சொல்லவில்லை. அது தப்பாகிவிட்டது. யார், எந்த ஆட்டம், கதை விடுகிறீர்களா என்று ஏகப்பட்ட கேள்விகள். சரி, இந்த வாரம் முழுக்க அவர்தான்.

கேள்வி: அந்த நீதிபதி யார் சார்? நம் ஊரில் ஃபுட்பால் என்கிறோமே, அந்த ஆட்டமா? (கல்லூரி மாணவர், திருச்செங்கோடு)

பெயர் ஆலன் பேஜ். ஆடியது காலால் உதைக்கிற நம் ஃபுட்பால் அல்ல, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, தோளில் பலகை வைத்த மாதிரி கவசம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கன் ஃபுட்பால். 1945 ஆகஸ்ட் 7ஆம் தேதி ஒஹாயோ மாநிலத்தில் காண்டன் என்கிற ஊரில் பிறந்தவர். கறுப்பினக் குடும்பம். 13 வயதில் தாயை இழந்தவர். காண்டனில் அப்போது பையன்களுக்குக் கண்ணுக்கெட்டிய எதிர்காலம் உருக்காலைதான். அந்த வேலை வேண்டாம் என்பதில் மட்டும் பேஜ் சிறு வயதிலேயே தெளிவாக இருந்திருக்கிறார்.

இந்த ஊரைப் பற்றி ஒரு விஷயம். அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய புள்ளிகளுக்கெல்லாம் சிலை வைக்கிற 'ஹால் ஆஃப் ஃபேம்' இருப்பது இதே காண்டனில்தான், 1963இல் திறந்தார்கள். அந்தக் கட்டடம் எழும்பியபோது கூலி வேலை பார்த்த ஆட்களில் பள்ளிக்கூடம் முடித்த ஒரு பையனும் இருந்தான். 25 வருஷம் கழித்து, 1988இல், அதே கட்டடத்துக்குள் அவனுக்கே சிலை வைத்தார்கள். சினிமாவில் வைத்தால் 'ரொம்ப ஓவர்' என்று நாமே சொல்லிவிடுவோம். ஆனால் நடந்தது.

கேள்வி: அவர் தடுப்பாட்டக்காரர் என்கிறார்கள். பந்தையே தொடாத ஆளுக்கு இவ்வளவு பேரா? அவருக்கு அங்கே என்னதான் வேலை? (பள்ளி உடற்கல்வி ஆசிரியர், தாராபுரம்)

உங்களுக்குச் சொல்வது சுலபம், கபடி சொல்லிக்கொடுப்பவராகத்தான் இருப்பீர்கள். பாடிப் போகிறவன் நாலு பேரைத் தொட்டுவிட்டு வந்தால் கூட்டம் விசிலடிக்கும், ஆனால் அவன் கணுக்காலைச் சரியான நேரத்தில் பிடித்து உட்கார வைத்தானே ஒரு கார்னர் பையன், அவன் பெயர் ஊருக்குள் எத்தனை பேருக்குத் தெரியும்? பேஜ் அந்த ஜாதி ஆட்டக்காரர்.

ஆட்டம் இப்படி. ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து யார் கையில் இருக்கிறதோ அந்த அணிக்கு நான்கு முயற்சி, அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி, இல்லாவிட்டால் பந்தை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் இரண்டு அணியும் மூக்கும் மூக்கும் உரசுகிற தூரத்தில் எதிரெதிரே குனிந்து நிற்பார்கள். நடுவில் நிற்கிற சென்டர் காலிடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் தள்ளுவார். அதற்கு 'ஸ்னாப்' என்று பெயர். வாங்கிக்கொள்பவர் குவார்ட்டர்பேக். அந்த அணியின் மூளை, முகம், விளம்பரத்தில் பற்பசை விற்கிறவர், எல்லாமே அவர்தான். பந்தை யாருக்கு எறியலாம் என்று பார்க்க அவருக்கு மூன்று நொடி கிடைத்தால் ராஜா. கிடைக்காமல் செய்வதுதான் பேஜின் வேலை.

பேஜ் நின்றது டிஃபென்சிவ் டேக்கிள் என்கிற இடத்தில், அதாவது முன்வரிசையில் நட்ட நடுவில். அங்கே ஓடி வளைந்து போக இடமே கிடையாது. முன்னால் கார்டு என்றொருவர், பக்கத்தில் சென்டர், பல சமயம் இரண்டு பேரும் சேர்ந்தே மேலே விழுவார்கள். பொதுவாக இந்த இடத்துக்குச் சுவர் மாதிரி ஆளைத்தான் தேடிப் பிடிப்பார்கள். பேஜ் சுவர் இல்லை. சுமார் 111 கிலோ, ஆறடி நான்கு அங்குலம். நமக்கு ராட்சசன், அந்த வரிசைக்கு ஒல்லி. அவரிடம் இருந்தது முதல் அடி. ஸ்னாப் எப்போது என்பது தாக்கும் அணிக்கு முன்பே தெரியும், தடுக்கும் அணிக்குத் தெரியாது, பந்து அசைந்த பிறகுதான் கோட்டைத் தாண்டலாம், முந்தினால் அபராதம். அப்படி இருந்தும் எதிரே குனிந்திருக்கிற கார்டு நிமிர்வதற்குள் பேஜ் அவர் தோள் பக்கமாகப் பாதி உடம்பை நுழைத்திருப்பார். பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களைப் பாருங்கள், 88ஆம் எண் மட்டும் கால் நொடி முன்கூட்டியே ஓடுகிற மாதிரி இருக்கும், படச்சுருளில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும்.

இப்போதைய ஆட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஆரன் டொனால்டைத் தெரிந்திருக்கும். 2024இல் ஓய்வு பெற்றார், ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கியவர். அவரும் இதே இடம்தான், அவரையும் இந்த இடத்துக்குக் குள்ளம், எடை பத்தாது என்றுதான் முதலில் சொன்னார்கள். டொனால்டை ரசித்தவர்கள் அவருடைய தாத்தாவாகப் பேஜை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 'ஊதா நிற மனிதர் தின்னிகள்' என்று அவருடைய கூட்டத்துக்குப் பெயராமே, நிஜமா? (வாசகி, மன்னார்குடி)

நிஜம்தான். 1967இல் பேஜை வேலைக்கு எடுத்தது மின்னசோட்டா வைக்கிங்ஸ், என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை லீக்கில் ஆடுகிற ஒரு அணி. ஊதா சட்டை. முன்வரிசையில் நான்கு பேர்: கார்ல் எல்லர், கேரி லார்சன், ஆலன் பேஜ், ஜிம் மார்ஷல். 1958இல் ஹிட்டான ஒரு வேடிக்கைப் பாட்டிலிருந்து 'பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பேஜுக்கு அந்தப் பட்டப்பெயரில் அவ்வளவாக ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை, சொன்னால் நம்பமாட்டீர்கள், மனுஷன் சுபாவத்தில் கூச்சக்காரர்.

மின்னசோட்டா எங்கே இருக்கிறது தெரியுமா? கனடாவுக்குக் கீழே. அன்றைக்கெல்லாம் டிசம்பரிலும் திறந்தவெளி மைதானத்தில்தான் ஆட்டம். அவர்களுடைய பயிற்சியாளர் பட் கிராண்ட் ஓரத்தில் ஹீட்டர் வைக்கவே விடமாட்டார். குளிரைப் பற்றி நினைக்க ஆரம்பித்தால் ஆட்டத்தைப் பற்றி நினைக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. வெயில் ஊர்களிலிருந்து வந்த அணிகள் எதிர்ப்பக்கத்தில் கணப்பைச் சுற்றி ஒண்டிக்கொண்டு நிற்க, இவர்கள் விறைப்பாக நிற்பதைப் பார்த்தாலே பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

அந்த நால்வரில் ஜிம் மார்ஷல் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. பேஜ் வருவதற்கு முன்னால், 1964 அக்டோபர் 25ஆம் தேதி, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரான ஆட்டத்தில் எதிரணி நழுவவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு 66 யார்டு ஓடினார். யாரும் துரத்தவில்லை. எல்லையைத் தொட்டதும் சந்தோஷத்தில் பந்தை வெளியே வீசினார். எதிரணிக்காரர் வந்து நன்றி சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. ஓடியது தன் சொந்த எல்லைக்கு! எதிரணிக்கு இரண்டு புள்ளி இனாம். நல்லவேளை, வைக்கிங்ஸ் அந்த ஆட்டத்தை 27-22 என்று ஜெயித்துவிட்டது. மார்ஷல் 1960இலிருந்து 1979 வரை ஒரு ஆட்டம்கூட விடாமல் ஆடினார், தொடர்ந்து 282 ஆட்டம். ஆனால் இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் அந்த 66 யார்டுதான் பேச்சு.

கேள்வி: 1971இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினாரே, அது தடுப்பாட்டக்காரர்களுக்கு வழக்கமாகத் தருவதுதானா? (வங்கி ஊழியர், திண்டுக்கல்)

வழக்கமாவது ஒன்றாவது! அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தரும் எம்.வி.பி. விருதைத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் வாங்கியது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் ஒரே ஒருவர், நியூயார்க் ஜெயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர், 1986இல். அவ்வளவுதான். இடையில் 1982இல் ஒரு உதைப்பாளருக்குக் கூடக் கொடுத்தார்கள், ஆட்டத்துக்கு நாலு தடவை வந்து பந்தை உதைத்துவிட்டுப் போகிறவருக்கு!

1971இல் மட்டும் ஏன் கிடைத்தது என்பதற்கு என் கணக்கு ஒன்று உண்டு. அந்த வருஷம் வைக்கிங்ஸ் 14 ஆட்டத்தில் 11 ஜெயித்தது. ஆனால் குவார்ட்டர்பேக் யார் என்றே அவர்களுக்குத் தெரியாது. மூன்று பேரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள், மூன்று பேரும் சுமார். அப்படியானால் ஜெயித்தது எப்படி? 14 ஆட்டத்திலும் சேர்த்து எதிரணிகளுக்குக் கொடுத்த புள்ளி மொத்தம் 139. ஆட்டத்துக்குப் பத்து கூட வராது. பாராட்ட வேறு ஆள் யாரும் கண்ணில் படாததால் ஓட்டுப் போட்ட பத்திரிகைக்காரர்கள் நடுவரிசையைக் குனிந்து பார்த்திருக்கிறார்கள், அங்கே இவர் நின்றுகொண்டிருந்தார். அதே வருஷம்தான் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று தனியாக ஒரு விருதை ஏற்படுத்தினார்கள், அதையும் முதல் ஆளாக இவரே வாங்கினார். தனி விருது வந்தது தடுப்பாட்டக்காரர்களுக்கு நல்லதா கெட்டதா என்பது எனக்குச் சந்தேகம்தான். 'உங்களுக்குத்தான் அது இருக்கிறதே' என்று பெரிய விருதிலிருந்து ஒதுக்கி வைக்க வசதியாகப் போய்விட்டது.

கேள்வி: மொத்தம் எத்தனை 'சாக்' எடுத்தார்? இணையத்தில் தேடினால் அதிகாரபூர்வமாகப் பூஜ்ஜியம் என்று வருகிறது! (மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்)

பந்தை எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கைக் கீழே சாய்த்தால் அது சாக். தடுப்பாட்டக்காரனுக்கு அதுதான் சதம், அதுதான் சிக்ஸர். ஆனால் லீக் அதைத் தனி ஆள் கணக்கில் எழுதி வைக்க ஆரம்பித்ததே 1982இல்தான். பேஜ் ஆட்டத்தை விட்டது 1981இல். ஒரே ஒரு வருஷம்! ஓடியவன் எத்தனை யார்டு ஓடினான், எறிந்தவன் எத்தனை எறிந்தான் என்றெல்லாம் 1930களிலிருந்தே கணக்கு வைத்தவர்களுக்கு, அவனைச் சாய்த்தவன் யார் என்று எழுதி வைக்க அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

பிற்பாடு ஆர்வலர்கள் பழைய ஆட்டக் குறிப்புகளையும் படச்சுருள்களையும் உட்கார்ந்து அலசி எண்ணினார்கள். அதன்படி பேஜின் கணக்கு 148.5. அந்த அரை என்ன என்கிறீர்களா, இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்குப் பாதி. நடுவில் நின்று ஆடுகிறவருக்கு இது நம்ப முடியாத எண்ணிக்கை, ஏனென்றால் சாக் எல்லாம் பெரும்பாலும் ஓரத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் விழும். 28 உதைகளைக் கையால் மறித்திருக்கிறார் என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிற எண் 218. 15 சீசனில் 218 ஆட்டம், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பேர் மேலே வந்து விழுகிற வேலையில்.

கேள்வி: நான்கு சூப்பர் பவுலிலும் தோற்றார்கள் என்று படித்தேன். (வாசகர், காரைக்குடி)

உண்மை. சூப்பர் பவுல் என்பது லீக்கின் வருடாந்திர இறுதி ஆட்டம். 1970 ஜனவரியில் கான்சஸ் சிட்டியிடம் 23-7, 1974இல் மயாமியிடம் 24-7, 1975இல் பிட்ஸ்பர்க்கிடம் 16-6, 1977இல் ஓக்லாண்டிடம் 32-14. நான்கிலும் பேஜ் ஆடினார். கேட்பதற்கே கஷ்டமாக இருக்கிறது, மேலே போவோம்.

கேள்வி: ஆடிக்கொண்டே சட்டம் படித்தாராமே? நேரம் எப்படிக் கிடைத்தது? இங்கே என் மகன் டென்னிஸ் ஆடுகிறேன் என்று பத்தாம் வகுப்பே வேண்டாம் என்கிறான். (இல்லத்தரசி, திருநெல்வேலி)

அம்மா, இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம்.

பேஜ் சின்னப் பையனாக இருக்கும்போதே வக்கீலாக வேண்டும் என்று நினைத்திருக்கிறார். 1954இல், கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி என்கிற ஏற்பாடு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவருக்கு வயது எட்டு. அந்தத் தீர்ப்பும், பெர்ரி மேசன் என்கிற கற்பனை வக்கீலின் கதைகளும் சேர்ந்துதான் அந்த ஆசையைக் கிளப்பின என்று அவரே சொல்லியிருக்கிறார். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் படித்தது அரசியல் அறிவியல். 1966இல் அந்தப் பல்கலைக்கழக அணி தேசிய சாம்பியன். அந்த வருஷம் மிச்சிகன் ஸ்டேட்டோடு ஆடிய ஆட்டம் 10-10 என்று சமனில் முடிந்ததைப் பற்றி அங்கே கிழவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருஷம் வைக்கிங்ஸ் முதல் சுற்றில் எடுத்த மூன்று பேரில் இரண்டு பேர் அந்த மிச்சிகன் ஸ்டேட் ஆட்கள், மூன்றாவது ஆள் பேஜ்.

ஆட வந்த புதிதில் ஒருமுறை சட்டப் படிப்பில் சேர்ந்து, சில வாரத்திலேயே விட்டுவிட்டார். இதையும் மகனிடம் சொல்லுங்கள், விட்டதை மறுபடி பிடிக்கலாம் என்று. 1975இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் திரும்பச் சேர்ந்தார், லீக்கின் எம்.வி.பி. ஆன பிறகு, வயது 30க்கு. வகுப்பு, பயிற்சி, ஞாயிறு ஆட்டம், மறுபடி திங்கள்கிழமை வகுப்பு. 1978இல் பட்டம்.

இடையில் சங்க வேலை வேறு. 1974இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் வேறு அணிக்கு நினைத்தபடி போக முடியாது, போனால் புது அணி பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி, அதனால் யாரும் யாரையும் எடுக்கவே மாட்டார்கள். 'சுதந்திரம் இல்லையேல் ஃபுட்பால் இல்லை' என்பது கோஷம். பேஜ் வைக்கிங்ஸ் ஆட்களின் பிரதிநிதி. நிர்வாகத்துக்கு இது இனித்திருக்காது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: பிறகு வைக்கிங்ஸ் அவரைத் துரத்திவிட்டது ஏன்? 100 டாலருக்கு விற்றார்கள் என்பது கட்டுக்கதையா? (ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், விழுப்புரம்)

கட்டுக்கதை இல்லை. ஆனால் 'விற்றார்கள்' என்பது சரியான சொல் இல்லை. கதையை முன்னாலிருந்து சொல்கிறேன்.

பேஜின் மனைவி டயான் சிகரெட்டை விடுவதற்காக ஓட ஆரம்பித்தார். கூட ஓடப் போனவர் பேஜ். அவர் சிகரெட்டை விட்டார், இவருக்கு ஓட்டம் பிடித்துக்கொண்டது. நாள்தோறும் மைல் கணக்கில் ஓடினால் என்ன ஆகும், உடம்பு இளைக்கும். 111 கிலோ ஆள் 102 கிலோவுக்கு வந்து நின்றார். நடுவரிசையில் நிற்கிறவன் இப்படி இளைத்தால் எப்படி என்று பயிற்சியாளருக்குக் கோபம், எனக்கு இப்போதுதான் உடம்பு நன்றாக இருக்கிறது என்று இவருக்குப் பிடிவாதம். இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. 33 வயது, எடை குறைவு, படிப்பு, சங்கம் எல்லாம் பார்த்த பட் கிராண்டுக்கு இந்த ஆளுக்கு ஆட்டத்தில் மனசு இல்லை என்று தோன்றியிருக்கலாம். 1978 சீசனில் ஆறு ஆட்டம் முடிந்ததும் நீக்கிவிட்டார்கள். இப்படி நீக்கப்பட்டவரை இன்னொரு அணி எடுத்துக்கொள்ள வேண்டுமானால் அன்றைக்கு லீக்கில் கட்ட வேண்டிய கட்டணம் 100 டாலர். சிகாகோ பேர்ஸ் அதைக் கட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனது.

பேர்ஸில் அவர் ஆடியது 58 ஆட்டம், ஓய்வு பெறும்வரை ஒன்று விடவில்லை. 100 டாலருக்கு! எங்கள் தெருவில் பழைய ஃபிரிட்ஜ் அதைவிட அதிக விலைக்குப் போகிறது. ஓட்டத்தையும் விடவில்லை, 1979இல் டுலூத் நகரத்தில் மாரத்தான் ஓடி முடித்தார். லீக்கில் ஆடிக்கொண்டிருக்கும்போதே முழு மாரத்தானை முடித்த முதல் ஆள் அவர்தான். பட்டம் வாங்கியதும் வேலை போனதும் ஒரே வருஷத்தில் என்பதைக் கவனித்தீர்களா? அடுத்த வருஷத்திலிருந்து ஆட்டம் இல்லாத மாதங்களில் வக்கீல் ஆபீஸ், ஆட்டம் உள்ள மாதங்களில் சிகாகோ. வைக்கிங்ஸுக்கும் பின்னால் மனசு மாறியது, 1988இல் அவருடைய 88ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஓய்வு கொடுத்தார்கள்.

கேள்வி: அங்கே நீதிபதியைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பார்களாமே! ஆட்டக்காரர் என்ற புகழில் ஜெயித்தார் என்று சொல்லலாமா? (வழக்கறிஞர், மதுரை)

சொல்லலாம், சொன்னார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. மின்னசோட்டாவில் ஊதா சட்டை போடாத வீடு கிடையாது. ஆனால் நீங்கள் வழக்கறிஞர் என்பதால் அதற்கு முன்னால் நடந்த வழக்கு உங்களுக்குப் பிடிக்கும்.

பேஜ் ஆட்டத்தை விட்டபின் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அந்த மாநிலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஆறு வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் என்று சட்டம். நடைமுறை வேறு. உட்கார்ந்திருப்பவர் தேர்தலுக்கு முன்னால் நடுவில் ஓய்வு பெறுவார், கவர்னர் தனக்குப் பிடித்தவரை நியமிப்பார், அப்புறம் அவரை எதிர்த்து யாரும் பெரிதாக நிற்க மாட்டார்கள். 1992இல் பேஜ் குறிவைத்த இடத்துக்குத் தேர்தல் வரவேண்டிய வருஷம். அங்கே இருந்த நீதிபதிக்கு ஓய்வூதியத் தகுதிக்காகப் பதவிக்காலத்தைக் கவர்னர் நீட்டித்தார், தேர்தலே இல்லை என்றாகிவிட்டது. பேஜ் என்ன செய்தார்? வழக்குப் போட்டார். எந்த நீதிமன்றத்தில் உட்கார ஆசைப்பட்டாரோ அதே நீதிமன்றத்தில்! விஷயம் தங்களில் ஒருவரைப் பற்றியது என்பதால் நீதிபதிகள் விலகிக்கொள்ள, மாற்று நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்து, தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். நின்றார், ஜெயித்தார், 1993 ஜனவரியில் பதவியேற்றார். அந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர். தேர்தல் வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தவரைப் புகழால் மட்டும் வந்தவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

1998, 2004, 2010 என்று மேலும் மூன்று முறை ஜெயித்தார். 70 வயதில் கட்டாய ஓய்வு என்பதால் 2015 ஆகஸ்டில் இறங்கினார். 22 வருஷத்துக்கு மேல், ஆட்டத்தைவிட நீளமான இன்னிங்ஸ்.

எப்படிப்பட்ட நீதிபதி என்றால், பெரும்பான்மையை எதிர்த்து நிற்பதற்குக் கூச்சப்படாதவர். ஒரு உதாரணம். 2008இல் மின்னசோட்டா செனட் தேர்தல் இழுபறியாகி மறு எண்ணிக்கைக்குப் போனது. அலுவலர்கள் தவறாக நிராகரித்த தபால் ஓட்டுகளை எண்ணலாமா என்ற கேள்விக்கு, இரண்டு வேட்பாளர் தரப்பும் ஒத்துக்கொண்டால் எண்ணலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். பேஜ் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். ஓட்டுப் போட்டவனுடைய ஓட்டுச் செல்லுமா செல்லாதா என்பதை வேட்பாளரின் இஷ்டத்துக்கு விடுவதா என்பது அவர் வாதம். கடைசியில் வித்தியாசம் 312 ஓட்டு. அந்த மாற்றுத் தீர்ப்பு எந்தக் கட்சிக்குச் சாதகம் என்று ஆராயப் போகாதீர்கள். ஓட்டுப் போட்டவன் பக்கம் நின்று படித்தால் போதும், அது எவ்வளவு எளிமையான கேள்வி என்று தெரியும்.

கேள்வி: என் அக்கா மகன் டெக்சாஸில் பள்ளி அணியில் இந்த ஆட்டம் ஆடுகிறான். தலையில் அடிபடும் என்று பயமாக இருக்கிறது. அனுப்பலாமா? (வாசகி, சேலம்)

உங்கள் பயம் வீண் பயம் இல்லை. பிட்ஸ்பர்க் அணியில் ஆடிய மைக் வெப்ஸ்டர் 2002இல் இறந்தபோது, அவர் மூளையை டாக்டர் பென்னட் ஒமாலு ஆராய்ந்து, திரும்பத் திரும்ப விழுந்த இடிகளால் வந்த சேதம் என்று கண்டுபிடித்து 2005இல் மருத்துவ இதழில் எழுதினார். அதற்கப்புறம் அதே பாதிப்பு ஏராளமான முன்னாள் ஆட்டக்காரர்களிடம் தெரிய வந்தது. அதில் முன்வரிசையில் ஆடியவர்கள் நிறைய. பெரிய இடி ஒன்றால் மட்டும் இது வருவதில்லை, ஒவ்வொரு ஸ்னாப்பிலும் தலையும் தலையும் மோதுகிறதே, அந்தச் சின்னச் சின்ன இடிகளும் வருஷக்கணக்கில் சேர்கின்றன.

பேஜ் 218 ஆட்டத்துக்கும் பிறகு தெளிவான தலையோடு தீர்ப்பு எழுதினார் என்பதை வைத்து யாரும் ஆறுதல் அடைய வேண்டாம், அவர் விதிவிலக்கு. அவருக்கும் விலை இருந்தது. இடது கைச் சுண்டு விரல் பலமுறை பிசகி, நடுமூட்டிலிருந்து கிட்டத்தட்ட செங்குத்தாக வெளியே வளைந்து நிற்கும். கையைத் தூக்கினால் அந்த ஒரு விரல் மட்டும் வேறு திசை காட்டும். பிள்ளைகள் எல்லாம் அதையே கேட்கிறார்கள் என்று, மகளோடு சேர்ந்து அந்த விரலைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு புத்தகமே எழுதினார். அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் அக்கா முடிவு. என்னைக் கேட்டால், என் வீட்டுப் பையனை அனுப்ப மாட்டேன், டிவியில் மட்டும் பார்ப்பேன். இதில் கொஞ்சம் கபடம் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும்.

கேள்வி: சம்பாதித்ததை என்ன செய்தார்? (வாசகர், ஓசூர்)

ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்த இன்னொருவர் மேடையேறுவார். எல்லோரும் பழைய பயிற்சியாளரையோ கூட ஆடியவரையோ கூட்டி வருவார்கள். 1988இல் பேஜ் கூட்டி வந்தது மினியாபொலிஸில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியையை. அன்றைய பேச்சும் படிப்பைப் பற்றித்தான். அதே வருஷம் டயானும் அவரும் ஒரு கல்வி அறக்கட்டளை தொடங்கினார்கள். மின்னசோட்டாவில் வெள்ளையரல்லாத மாணவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை. சும்மா கிடையாது, வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு 50 மணி நேரம் தங்களைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் சொல்லித்தர வேண்டும். இந்த நிபந்தனையைத்தான் நான் மிகவும் ரசித்தேன். பணம் கொடுக்கிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு, இப்படிக் கணக்குப் போட்டுக் கொடுப்பவர்கள் குறைவு.

இன்னொரு செலவு, பழம்பொருள். அடிமை முறைக் காலத்தையும் அதற்குப் பின்னால் வந்த இனப் பிரிவினைக் காலத்தையும் சேர்ந்த சாமான்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். 'கறுப்பர்கள் காத்திருக்கும் அறை' என்று எழுதிய பலகைகள் எல்லாம் அதில் இருந்தன. ஆபிரகாம் லிங்கனின் இறுதி ஊர்வலத்தின்போது கட்டப்பட்ட ஒரு துணிப் பதாகையும் உண்டு. 2018இல் சூப்பர் பவுல் மினியாபொலிஸில் நடந்தபோது, ஊரே ஆட்டம் பார்க்க வந்திருந்த சமயத்தில், அதையெல்லாம் மத்திய நூலகத்தில் கண்காட்சியாக வைத்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் டயான் காலமானார். நவம்பரில் பேஜுக்கு அதிபர் தரும் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது.

கேள்வி: அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறதா? இப்போது என்ன செய்கிறார்? (பிளஸ் டூ மாணவி, நாகப்பட்டினம்)

இருக்கிறது. மினியாபொலிஸில் ராம்சே நடுநிலைப் பள்ளி என்று ஒன்று இருந்தது. அலெக்சாண்டர் ராம்சே பழைய கவர்னர், 1862இல் டகோட்டா பூர்வகுடியினரைக் கொன்றொழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும் என்று பேசியவர். இவர் பெயர் எங்கள் பள்ளிக்கு வேண்டாம் என்று கிளம்பியது அங்கே படித்த உங்களைவிடச் சின்னப் பிள்ளைகள். 2017இல் 'ஜஸ்டிஸ் பேஜ்' பள்ளி என்று மாற்றினார்கள். பெயரில் இருப்பது நீதிபதி பேஜ், ஆட்டக்காரர் பேஜ் அல்ல என்பதைப் பாருங்கள். ஓய்வு பெற்றபின் அந்த மாதிரி வகுப்பறைகளுக்குப் போய்ப் பிள்ளைகளோடு பேசுவதுதான் அவருக்கு முக்கிய வேலை, போகும்போது கழுத்தில் வில் மாதிரி முடிச்சுப் போட்ட டை கட்டாயம்.

இன்னொன்றும் செய்வார். மினியாபொலிஸ், செயின்ட் பால் என்கிற இரட்டை நகரங்களின் 'ட்வின் சிட்டீஸ்' மாரத்தான் அவர் வீட்டுப் பக்கமாகத்தான் போகும். பல வருஷங்களாக, அன்று காலையில் வாசலுக்கு வந்து நின்று, ஓடுகிறவர்களுக்காகத் தூபா வாசிப்பார். ஆளையே சுற்றிக்கொள்கிற அந்தப் பெரிய பித்தளை வாத்தியம், பேண்ட் செட்டில் கடைசி வரிசையில் நிற்குமே, அதேதான். ஓடிக்கொண்டிருக்கிற இளவட்டங்களில் பலருக்கு, ஓரமாக நின்று 'பூம் பூம்' என்று ஊதுகிற அந்த நெடிய கிழவர் யார் என்று தெரியாது. கையைக் காட்டிவிட்டு ஓடிவிடுவார்கள்.